பத்து ஆட்டம் வென்றவர்களுக்கு என்ன கிடைத்தது?

காலை நிகழ்ச்சியில் ஒன்பது மணிக்கு மேல் வரும் அழைப்புகளுக்கு ஒரு தனி ருசி உண்டு. அலுவலகம் போகும் அவசரக்காரர்கள் அதற்குள் போய்ச் சேர்ந்திருப்பார்கள். மிச்சமிருப்பவர்கள் நிதானமாகப் பேசுவார்கள். அப்படி ஒரு நாள், "உங்கள் பிள்ளை எந்த விளையாட்டில்?" என்ற தலைப்புக்குக் கிள்ளானிலிருந்து லோரி ஓட்டும் ஓர் அண்ணன் அழைத்தார்.

"தங்கச்சி, என் மக படிவம் ஒண்ணு. பள்ளிக்கூட காற்பந்து குழுவுல இருக்கா. டீச்சர் வெளிய ஏதாவது கிளப்ல சேர்த்து விடுங்கன்னு சொல்றாங்க. பொம்பளப் பிள்ளைக்கு அதுல என்னம்மா எதிர்காலம் இருக்கு?"

"திறமை இருந்தா வழி பிறக்கும் அண்ணே" என்று சொல்லி ஒரு பாட்டைப் போட்டேன். வானொலிக்காரர்களுக்கு இது கைவந்த கலை. பாட்டு ஓடிய நாலரை நிமிடமும் எனக்கு உறுத்தலாகவே இருந்தது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. நான் சொன்னது பதிலே இல்லை.

பிறகு ஒரு பதில் தேடிப் போனபோதுதான் 2022ஆம் ஆண்டு இந்திய மகளிர் லீக் பருவத்தின் கதைக்குள் விழுந்தேன். நம் சொந்தபந்தங்கள் பலருக்குப் பூர்வீகமான மண்ணிலிருந்து கிளம்பிய ஒரு குழு அந்தப் பருவத்தில் என்ன பாடுபட்டது என்று அறிந்தபின், அந்த அண்ணனை நானே திரும்ப அழைத்தேன். அவரிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

குழுவின் பெயர் சேது எஃப்.சி. மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகும் சாலையில் காரியாபட்டி என்று ஓர் ஊர் வரும். விருதுநகர் மாவட்டம். வெயிலும் கருவேலமரமுமாக இருக்கும் அந்தப் பக்கத்தில் உள்ள சேது பொறியியல் கல்லூரியின் பின்னணியில் 2016இல் உருவானது இந்தக் கிளப். சென்னை, கொல்கத்தா, கோவா என்று காற்பந்துக்குப் பேர்போன எந்த நகரமும் இல்லை. ஆண்கள் குழுவின் வாலைப் பிடித்துக்கொண்டு பிறந்த மகளிர் குழுவும் இல்லை. பெண்கள் ஆட்டம் என்று சொல்லித்தான் இதன் பெயரே வெளியில் தெரிந்தது.

இந்திய மகளிர் லீக் தொடங்கியது 2017இல். அதன் மூன்றாவது பருவத்திலேயே, 2019ஆம் ஆண்டு மே 22ஆம் தேதி, பஞ்சாப் மாநிலத்தின் லூதியானாவில் நடந்த இறுதியாட்டத்தில் மணிப்பூர் போலீஸ் குழுவை 3-1 என்று வீழ்த்தி சேது வெற்றியாளர் ஆனது. மணிப்பூர் என்றால் சும்மா இல்லை. இந்தியப் பெண்கள் காற்பந்தின் தாய்வீடே அதுதான். நம் ஊரில் பூப்பந்துக்கு எப்படியோ, அங்கே பெண்கள் காற்பந்துக்கு அப்படி. அந்த மாநிலத்துக் குழுவை, பிறந்து மூன்றே வருடமான ஒரு மதுரைப் பக்கத்துக் குழு வென்றது.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சேது என்றதும் பதினொரு தமிழ்ப் பெண்கள் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம். மணிப்பூர், ஹரியானா, நேப்பாளம் வரை ஆள் சேர்த்த குழு அது. கூடவே நம் பெண்களும் உண்டு. குறிப்பாகக் கடலூர். தமிழ்நாட்டின் பெண்கள் காற்பந்தைப் பற்றிப் பேசினால் கடலூரைத் தாண்டிப் போகவே முடியாது. இந்திய அணிக்கு ஆடிய இந்துமதி கதிரேசன் அந்த மாவட்டத்துக்காரர். சந்தியா ரங்கநாதனும் அப்படியே. இருவருமே சேதுவின் சட்டையை அணிந்தவர்கள். இந்துமதிக்கு இன்னொரு சீருடையும் இருக்கிறது. அதற்குப் பின்னால் வருகிறேன்.

அடுத்த பருவத்தில் சேது பட்டத்தைப் பறிகொடுத்தது. 2020இன் அரையிறுதியில் கோகுலம் கேரளாவிடம் தோற்று வெளியேறியது. கோழிக்கோட்டைச் சேர்ந்த அந்தக் குழு பெப்ரவரி 14ஆம் தேதி இறுதியாட்டத்தில் 3-2 என்று வென்று கிண்ணத்தையும் எடுத்துச் சென்றது. (கோகுலமும் தமிழர்களுக்கு முற்றிலும் அந்நியமில்லை. அதன் பின்னால் இருக்கும் சீட்டு நிறுவனத்தின் தலைமையகம் சென்னையில்தான்.) அதற்கடுத்த பருவத்தைக் கொரோனா விழுங்கிவிட்டது. லீக் ரத்து.

ஆக, சேதுவுக்குத் திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பு வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. வந்தபோது அது இப்படி வந்தது: ஏப்ரல் 15 முதல் மே 26 வரை, ஒரே நகரத்தில், பன்னிரண்டு குழுக்கள், ஆளுக்குப் பதினொரு ஆட்டம். நகரம் ஒடிசாவின் புவனேஸ்வர்.

இந்தக் கணக்கை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். "தேசிய லீக்" என்றதும் நமக்கு என்ன தோன்றும்? சனிக்கிழமை சொந்தத் திடல், அடுத்த வாரம் எதிரணியின் ஊர், எட்டு ஒன்பது மாதம் இழுக்கும் பருவம். இங்கே முழு லீக்கும் 42 நாளில் முடிந்தது. ஏறக்குறைய நான்கு நாளுக்கு ஓர் ஆட்டம். ஏப்ரல், மே மாதத்தில் ஒடிசாவின் வெயில் நாற்பது பாகையைத் தொட்டு விளையாடும். கணுக்கால் சுளுக்கினால் ஆறிவரும் வரை காத்திருக்க நேரமில்லை, பருவமே முடிந்துவிடும். சொந்த ஊர் ரசிகர்கள் என்ற பேச்சும் இல்லை. காரியாபட்டியிலிருந்து யார் புவனேஸ்வர் போவார்கள்? அந்த 42 நாள் போனால் அடுத்த லீக்குக்கு ஏறக்குறைய ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அவர்களுடைய "பருவம்" அவ்வளவுதான்.

அந்தப் பன்னிரண்டு குழுக்களின் பெயர்ப்பட்டியலே ஒரு கதை சொல்லும். ஒடிசா போலீஸ் இருக்கிறது. எஸ்.எஸ்.பி. இருக்கிறது, அது எல்லைக்காவல் படை. காற்பந்தை நம்பி ஒரு இந்தியப் பெண் எங்கே போய்ச் சேரலாம் என்பதற்கான வழிகாட்டிப் பலகை மாதிரி அந்தப் பட்டியல். காவல்துறை, ரயில்வே, எல்லைப் படை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசாங்க வேலை கிடைத்தால் அதுதான் குடும்பத்துக்குக் கிடைத்த உண்மையான கிண்ணம். இந்துமதி தமிழ்நாடு காவல்துறையில் சப் இன்ஸ்பெக்டர். கொரோனா காலத்தில் பந்தை ஓரமாக வைத்துவிட்டு சென்னைச் சாலையில் காவல் பணியில் நின்றார். இதைச் சொன்னபோது கிள்ளான் அண்ணன், "அப்போ வேலை இருக்குங்கிறீங்க" என்றார். அப்பாக்களுக்கு எது காதில் விழும் என்று தெரிந்துதான் அதை முதலில் சொன்னேன்.

சரி, புவனேஸ்வருக்கு வருவோம்.

சேதுவின் பயிற்றுநர் கிறிஸ்பின் சேத்ரி. கோகுலத்தின் பயிற்றுநர் அந்தோணி ஆண்ட்ரூஸ், இளைஞர். கோகுலம் தன் வரவை உரக்க அறிவித்தது. ஒடிசா போலீஸைப் பன்னிரண்டுக்குச் சுழியம் என்று அடித்தது. கானாவிலிருந்து வந்திருந்த எல்ஷடாய் அச்சியம்போங் அந்தப் பருவத்தில் மட்டும் 20 கோல் போட்டார். பஞ்சாபின் ஒரு கிராமத்திலிருந்து வந்த மனிஷா கல்யாண், சில மாதங்களுக்கு முன்புதான் பிரேசிலுக்கு எதிராக, பிரேசிலின் மண்ணிலேயே, இந்தியாவுக்குக் கோல் அடித்தவர். இந்திய அணியின் தலைவி ஆஷாலதா தேவி, கோல்காவலர் அதிதி சௌஹான் என்று பாதி தேசிய அணியே அந்தச் சட்டையில் இருந்தது. பணமும் பேரும் ஓரிடத்தில் சேர்ந்தால் எப்படி இருக்குமோ அப்படி. அதே மே மாதத்தில் கோகுலத்தின் ஆண்கள் குழுவும் ஐ-லீக் பட்டத்தை வென்றது என்றால் அவர்கள் எந்த மிதப்பில் இருந்திருப்பார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சேது சத்தமில்லாமல் வந்தது. முதல் ஆட்டம் வெற்றி. இரண்டாவது வெற்றி. மூன்றாவது வெற்றி. கோகுலம் ஆறு கோல், ஏழு கோல் என்று வாரிக்கொண்டு செய்தியில் இடம்பிடித்தபோது, இந்தப் பக்கம் சேதுவும் ஒரு புள்ளியைக்கூடத் தவறவிடவில்லை. பத்து ஆட்டம் முடிந்தபோது பட்டியலின் உச்சியில் இரண்டு குழுக்கள் தலா 30 புள்ளிகளோடு நின்றன. பத்துக்குப் பத்து. இருவருமே.

போட்டி அட்டவணையை எழுதியவருக்குக் கைராசி இருந்திருக்க வேண்டும். 66 ஆட்டங்கள் கொண்ட லீக்கில், கோகுலமும் சேதுவும் மோதும் ஆட்டம் கடைசி நாளில் விழுந்திருந்தது. மே 26, கலிங்கா அரங்கம். இறுதியாட்டம் என்ற ஒன்றே இல்லாத லீக்குக்கு ஓர் இறுதியாட்டம் தானாக அமைந்தது.

ஆனால் தராசு சமமாக இல்லை. கோல் வித்தியாசத்தில் கோகுலம் எட்டாத உயரத்தில் இருந்ததால் அவர்களுக்குச் சமநிலையே போதும். சேது வென்றே ஆக வேண்டும். பத்து வெற்றி பெற்ற ஒரு குழு, பதினோராவதையும் வென்றால்தான் உண்டு என்ற நிலையில் திடலில் இறங்குவதை நினைத்துப் பாருங்கள். எந்த நாட்டு லீக்கிலும் பத்துக்குப் பத்து என்றால் ஊர்வலத்துக்கு வண்டி ஏற்பாடு செய்துகொண்டிருப்பார்கள்.

ஆட்டம் தொடங்கி மூன்றாவது நிமிடம். சேதுவின் ரேணு கோல் அடித்தார்.

அந்தப் பருவம் முழுக்கக் கோகுலம் வாங்கிய கோல்கள் மொத்தமே நான்கு. பதினொரு ஆட்டத்தில் நான்கு! அதில் ஒன்று இது. அந்த நொடியில் பட்டம் மதுரைப் பக்கம் நகர்ந்திருந்தது. இன்னும் 87 நிமிடம் தாக்குப்பிடித்தால் போதும்.

பதினோரு நிமிடம் தாக்குப்பிடித்தார்கள். 14ஆவது நிமிடத்தில் கோகுலத்துக்கு ஒரு பெனால்டி. ஆஷாலதா உதைத்தார், 1-1. கணக்குப்படி அந்தச் சமநிலையே கோகுலத்துக்குப் போதும். எனவே சேது முன்னேறி ஆடியாக வேண்டும். முன்னேறினால் பின்னால் இடைவெளி விழும். அச்சியம்போங் போன்ற ஓர் ஆட்டக்காரருக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? 33ஆவது நிமிடத்தில் அவர் ஒன்று. 40ஆவது நிமிடத்தில் மனிஷா ஒன்று. முற்பாதி முடிவதற்குள்ளேயே 3-1. பிற்பாதி முழுக்க யாரும் கோல் போடவில்லை.

கோகுலத்தின் கணக்கு இப்படி முடிந்தது: 11 ஆட்டம், 11 வெற்றி, 66 கோல், 33 புள்ளி. தொடர்ந்து இரண்டாவது முறையாக வெற்றியாளர். சேது 11 ஆட்டத்தில் 10 வெற்றி, 30 புள்ளி, இரண்டாமிடம். தோல்வி ஒன்றே ஒன்று. அந்த ஒன்றும் கடைசி நாளில்.

அந்தப் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் முதலிடத்துக்குப் போவதில்லை. ஒரு முறை தவறியதற்காக ஒரு வருடத்தை இழப்பது என்ன மாதிரி வலி என்று யோசித்துக்கொண்டே இருந்துவிடுகிறேன். கிள்ளான் அண்ணனும் இந்த இடத்தில் "ச்சே" என்றார். ஒரே ஒரு வார்த்தை. லோரியை ஓரங்கட்டிவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பட்டத்தோடு கோகுலத்துக்குக் கிடைத்தது இன்னொன்று: ஆசிய மகளிர் கிளப் போட்டிக்கான நுழைவுச்சீட்டு. சேது இழந்ததும் அதைத்தான். முந்தைய வருடம் ஜோர்டானில் நடந்த அதே போட்டியில் கோகுலம் உஸ்பெகிஸ்தானின் புன்யோட்கோர் குழுவை 3-1 என்று வென்றிருந்தது. இம்முறை ஆட்டம் உஸ்பெகிஸ்தானிலேயே. முதல் ஆட்டம் ஆகஸ்ட் 23ஆம் தேதி உள்ளூர்க் குழுவான சொக்தியானாவோடு. அடுத்தது 26ஆம் தேதி ஈரானின் பாம் காத்தூனோடு.

ஆகஸ்ட் 16ஆம் தேதி விடியற்காலை குழு தாஷ்கந்தில் இறங்கியது. அவர்கள் வந்து சேர்ந்த அதே வேளையில் செய்தியும் வந்து சேர்ந்தது. ஃபிஃபா இந்தியக் காற்பந்து சம்மேளனத்தை இடைநீக்கம் செய்துவிட்டது.

காரணத்துக்கும் அந்தப் பெண்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சம்மேளனத்தின் தலைவர் பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் நடத்தாமல் நாற்காலியில் இருந்தார். வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. நீதிமன்றம் நிர்வாகக் குழு ஒன்றை நியமித்தது. வெளியார் தலையீடு என்றது ஃபிஃபா. ஆண்கள் கோட்டு சூட்டோடு உட்கார்ந்து போட்ட சண்டைக்குத் தண்டனை, பூட்ஸைப் பெட்டியில் கட்டிக்கொண்டு விமானம் ஏறிய பெண்களுக்கு. இடைநீக்கம் செய்யப்பட்ட நாட்டின் கிளப் அனைத்துலகப் போட்டியில் ஆட முடியாது.

இங்கேதான் கதை நம் வாசலுக்கு வருகிறது. அந்தப் போட்டியை நடத்துவது ஆசியக் காற்பந்து சம்மேளனம். அதன் தலைமையகம் எங்கே? நம் புக்கிட் ஜாலிலில். நானும் நீங்களும் எத்தனையோ முறை கடந்துபோன இடம். தாஷ்கந்தின் விடுதியில் காத்திருந்த அந்தப் பெண்களின் விதி எழுதப்பட்ட முகவரிகளில் நம் கோலாலம்பூரும் ஒன்று. இதைப் படித்த பிறகு அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வருகிறது.

குழு இந்தியப் பிரதமருக்கு வேண்டுகோள் விடுத்தது. விளையாட்டு அமைச்சு ஃபிஃபாவுக்கும் ஆசிய சம்மேளனத்துக்கும் எழுதியது. அவர்களை ஆடவிடுங்கள், ஏற்கனவே அங்கே வந்துவிட்டார்கள் என்று. பலிக்கவில்லை. ஒரு பந்தைக்கூட உதைக்காமல் ஊர் திரும்பினார்கள்.

தடை எப்போது நீங்கியது தெரியுமா? ஆகஸ்ட் 26. அவர்கள் இரண்டாவது ஆட்டம் ஆடியிருக்க வேண்டிய அதே நாள். அக்டோபரில் இந்தியாவில் நடக்கவிருந்த 17 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கிண்ணம் தப்பித்தது; அதைக் காப்பாற்றத்தான் எல்லாரும் ஓடினார்கள். கோகுலத்துக்கு யாரும் இன்னொரு தேதி கொடுக்கவில்லை.

அந்த ஆண்டு இது முதல் அடியும் இல்லை. ஜனவரியில் மகளிர் ஆசியக் கிண்ணத்தை இந்தியா ஏற்று நடத்தியது. ஆஷாலதாவின் அணி ஓர் ஆட்டம்தான் ஆடியது. இரண்டாவது ஆட்டத்துக்கு முன் முகாமுக்குள் கொரோனா புகுந்தது. ஆட ஆளில்லை. சொந்த மண்ணில் நடந்த போட்டியிலிருந்து விலக்கப்பட்டார்கள். ஜனவரியில் கிருமி, ஆகஸ்டில் கோப்புக் கட்டு. எதிரணியிடம் தோற்றால் அழுது தீர்க்கலாம். இதற்கு யாரிடம் போய் அழுவது?

"அப்புறம் எதுக்கும்மா என் பிள்ளைய இதுல அனுப்பச் சொல்றீங்க?" அண்ணன் கேட்டார். கேட்பார் என்று தெரியும்.

நான் அனுப்பச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னேன். மிச்சத்தையும் சொன்னேன்.

மனிஷா கல்யாண் தாஷ்கந்த் பயணத்துக்கு முன்பே சைப்ரஸ் நாட்டின் அப்போலோன் கிளப்புக்குப் போய்விட்டார். பழைய தோழிகள் விடுதியில் முடங்கிக் கிடந்த அதே வாரம், ஆகஸ்ட் 18ஆம் தேதி, அவர் ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக்கில் களமிறங்கினார். அதில் ஆடிய முதல் இந்தியர் அவர்தான். அதே ஆண்டு கோகுலத்தின் சௌமியா குகுலோத்தும் ஜோதி சௌஹானும் குரோவேஷியாவின் டினாமோ சாக்ரெப்புக்குப் போனார்கள். இந்துமதியும் சந்தியாவும் பின்னர் கோகுலத்துக்கே மாறி, 2023 இறுதியாட்டத்தில் 5-0 வெற்றியில் கோல் அடித்துக் கிண்ணம் தூக்கினார்கள். தோற்கடித்த குழுவிலேயே சேர்ந்து ஜெயிப்பதை நம்மவர்கள் சிலர் குறையாகச் சொல்லக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வருடத்துக்கு 42 நாள் மட்டுமே திறக்கும் கடையில் விசுவாசம் பேச யாருக்கு வசதி இருக்கிறது?

லீக்கும் கொஞ்சம் மாறியது. 2023-24 பருவத்தில் சொந்த ஊர், வெளியூர் என்று மாதக்கணக்கில் நடந்தது. அந்தப் பருவத்தில் ஒடிசா எஃப்.சி. வென்றது. பயிற்றுநர் யார் என்றால், கடைசி நாளில் எல்லாவற்றையும் இழந்த அதே கிறிஸ்பின் சேத்ரி. அடுத்த பருவத்தில் ஈஸ்ட் பெங்கால் வென்றது. பயிற்றுநர் அந்தோணி ஆண்ட்ரூஸ்.

சேத்ரியின் கதை அங்கே நிற்கவில்லை. 2025 ஜூலை 5ஆம் தேதி, நம் அண்டை நாடான தாய்லாந்தின் சியாங் மாய் நகரில், இந்தியப் பெண்கள் தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்றார்கள். தகுதிச்சுற்று ஆடி, வென்று, மகளிர் ஆசியக் கிண்ணத்துக்குள் இந்தியா நுழைந்தது அதுவே முதல் முறை. அந்த அணியின் பயிற்றுநர் சேத்ரிதான். அன்றும் கடைசி ஆட்டம்தான். அன்றும் வென்றால்தான் உண்டு என்ற நிலைதான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அண்ணன் "சரிம்மா, வண்டிய எடுக்கணும்" என்று வைத்துவிட்டார். சேர்ப்பேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்துப் புலனத்தில் ஒரு குரல் பதிவு வந்தது. அண்ணனின் எண்தான், ஆனால் குரல் ஒரு சிறுமியுடையது. பின்னணியில் யாரோ விசில் ஊதும் சத்தமும் பிள்ளைகள் ஓடும் சத்தமும் கேட்டது.

"அக்கா, அப்பா அந்தக் கதைய சொன்னாரு. நான் கோல்காவலர். ஒண்ணு கேக்கணும். டிரா பண்ணாலே கப்புன்னு இருக்கும்போது, மூணாவது நிமிஷத்துலேயே கோல் வாங்குனாங்க இல்ல, அந்தக் கோல்காவலர் அக்கா அதுக்கப்புறம் எப்படிக்கா 87 நிமிஷம் நின்னாங்க?"

அதற்குள் யாரோ அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட, "வரேன் கோச்!" என்ற சத்தத்தோடு பதிவு அறுந்துவிட்டது.